தலையில் அடிபட்டவர் வீடு திரும்பும்போது: குடும்பத்துக்கு என்ன வேலை, குடும்பத்தை யார் பார்ப்பது?

பைக்கிலிருந்து விழுந்தார், தலையில் அடி, 108 வந்து ஏற்றிக்கொண்டு போனது, ஆபரேஷன் முடிந்தது, "உயிருக்கு ஆபத்தில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதுவரைக்கும் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். தமிழ்நாட்டில் இந்தக் கட்டம் முன்பைவிட நன்றாகவும் நடக்கிறது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, ஒரு வரம்புவரை, பணம் கட்ட வேண்டியதில்லை. குழப்பம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் உட்கார, விழுங்க, பேச, குளிக்க, கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கிவர என்று ஒவ்வொன்றையும் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுதான் மறுவாழ்வுச் சிகிச்சை. ஆஸ்பத்திரியில் ரிஹேப் என்பார்கள்.

இதில் குடும்பத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, டாக்டர், நர்ஸ், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரையும்போல் குடும்பமும் சிகிச்சைக் குழுவில் ஒரு ஆள். இன்னொன்று, இந்த விபத்தில் அடிபட்ட இன்னொரு தரப்பும் குடும்பம்தான், அதற்கும் கவனிப்பு வேண்டும். நம் ஊரில் முதலாவது தானாகவே நடந்துவிடுகிறது, ஏனென்றால் வேறு ஆள் இல்லை: மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது முதல் டயப்பர் மாற்றுவது வரை வார்டில் மனைவியோ அம்மாவோதான். இரண்டாவது பெரும்பாலும் நடப்பதே இல்லை. வேலையை மொத்தமாகக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு அதைக் 'குடும்பப் பங்கேற்பு' என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பங்கேற்பு என்றால் சொல்லித்தர வேண்டும், கருத்துக் கேட்க வேண்டும், ஓய்வும் கொடுக்க வேண்டும்.

முதலில் ஐ.சி.யூ. வாசலில் காதில் விழும் ஒரு எண்ணைப் பற்றி. "ஜி.சி.எஸ். எட்டு" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போவார். கண் திறப்பது, பேச்சு, கை கால் அசைவு மூன்றையும் பார்த்து நினைவின் அளவைச் சொல்லும் கணக்கு அது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1974-ல் உருவாக்கினார்கள். குறைந்தது 3, அதிகபட்சம் 15. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 13 முதல் 15 வரை லேசானது. இந்த எண் அடிபட்ட நேரத்து நிலைமையைச் சொல்லும். ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருப்பார் என்பதை அது மட்டுமே சொல்லிவிடாது. ஆகவே எட்டு என்றதும் நொறுங்கிப்போக வேண்டாம், பதினான்கு என்றதும் நாளைக்கே வேலைக்குப் போவார் என்று நினைக்கவும் வேண்டாம்.

அடுத்தது, விழிப்பது. சினிமாவில் கோமாவிலிருந்து எழுபவர் கண்ணைத் திறந்ததும் "அம்மா" என்பார், வயலின் கேட்கும். நிஜத்தில் விழிப்பு நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில், படிப்படியாக நடக்கும். முதலில் கண் மட்டும் திறந்திருக்கும், எதையும் பார்க்காது. அப்புறம் சத்தம் வரும் பக்கம் திரும்பும். கையை அழுத்தச் சொன்னால் ஒரு நாள் அழுத்துவார், மறுநாள் மாட்டார். இந்தப் பாதையில் வீட்டாரை மிகவும் பயமுறுத்தும் ஒரு கட்டம் உண்டு: குழாயைப் பிடுங்குவார், கெட்ட வார்த்தையில் திட்டுவார், அம்மாவையே அடிக்கக் கை ஓங்குவார், கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்ப்பார். "எங்க வீட்டுப் பிள்ளை இப்படிப் பேசவே மாட்டான்" என்று அழுதுகொண்டே சொல்லும் அம்மாக்கள் எல்லா நியூரோ வார்டிலும் இருக்கிறார்கள். மீட்சியின் நிலைகளை வரிசைப்படுத்தும் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு ஆஸ்பத்திரியின் பெயரால் அமைந்தது. அதில் இந்தக் குழப்பமும் ஆவேசமும் நான்காவது நிலை. அதாவது முந்தைய மூன்றையும் தாண்டி வந்திருக்கிறார். எல்லோரும் இந்த நிலையைத் தொடுவதில்லை, தொட்டவர்களில் பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள். இதை யாராவது இரண்டு நிமிடம் ஒதுக்கி முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அம்மா அன்று இரவு தூங்கியிருப்பார்.

இந்தக் கட்டத்தில் வீட்டார் செய்யக்கூடியது நிறைய. மூளை புது நினைவைப் பிடித்து வைக்கத் திணறும் நேரம் இது, காலையில் சொன்னது மதியம் இருக்காது. நம் வழக்கம் என்ன? ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில் எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். பெரியப்பா குனிந்து, "நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்பார். நோயாளி திருதிருவென்று விழிப்பார். "என்னப்பா, உன் கல்யாணத்துக்கு நான்தானே மண்டபம் பிடிச்சேன், தெரியலையா?" அடுத்து அத்தை, தன் கையிலிருந்த குழந்தையைக் காட்டி, "இது யாரு?" என்பார். பரீட்சை முடிவதற்குள் நோயாளிக்கு வியர்த்துவிடும், முகம் சிவக்கும், கையைத் தட்டிவிடுவார். எல்லோரும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் தெரியாத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அவருக்குத் தோல்விதான் மிஞ்சும், தப்பான பதிலைச் சொல்லிப் பழகினால் அந்தத் தப்பே மனதில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கேட்பதற்குப் பதில் சொல்லிவிடுங்கள்: "தம்பி, நான் பெரியப்பா. நீ ஆஸ்பத்திரியில இருக்க. பைக்ல விழுந்துட்ட. இப்ப பரவாயில்ல." அவ்வளவு போதும். ஒரு நேரத்தில் இரண்டு பேர், ஒருவர் பேசினால் மற்றவர் சும்மா. செல்போன் சத்தம் வேண்டாம். கட்டிலுக்கு எதிரில் பெரிய எழுத்தில் இன்றைய தேதியும், இருக்கும் ஊரும், இது ஆஸ்பத்திரி என்பதும் எழுதிய ஒரு அட்டை, கூடவே பெயர் எழுதிய குடும்ப போட்டோ.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பாசத்துக்கு ஒரு கண்டிப்பான எல்லை வேண்டும். மூக்குக் குழாய் இருக்கும் ஆளுக்கு, "பாவம், நாக்கு வறண்டு கிடக்கு" என்று டாக்டர் பார்க்காத நேரத்தில் ஒரு ஸ்பூன் இளநீர் ஊற்றுவது நம் வார்டுகளில் சர்வ சாதாரணம். தலைக்காயத்தில் விழுங்கும் திறனே பாதிக்கப்பட்டிருக்கலாம். ஊற்றியது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம், இருமல்கூட வராமல். அதிலிருந்து நிமோனியா வரும். தண்ணீரைவிடக் கெட்டியான கூழ் விழுங்க எளிது என்பது பலருக்குத் தெரியாது. விழுங்கும் திறனைப் பரிசோதித்து "இன்றிலிருந்து இதைக் கொடுக்கலாம், இப்படி நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும்" என்று பேச்சுப் பயிற்சியாளரோ டாக்டரோ சொல்லும்வரை வாய்வழியாக எதுவும் கிடையாது. ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள், அதைச் செய்தாலே நாக்கு வறட்சிக்குப் பெரிய நிம்மதி.

இனி, குடும்பத்திடம் மட்டுமே இருக்கும் ஒரு சங்கதி. அடிபடுவதற்கு முன் இந்த ஆள் எப்படிப்பட்டவர்? சிகிச்சைக் குழுவுக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டில் வயது இருக்கும், ஸ்கேன் இருக்கும். இவர் இயல்பிலேயே அதிகம் பேசாதவரா, இடது கைக்காரரா, கண்ணாடி போடுபவரா, காது கொஞ்சம் மந்தமா, தெலுங்கு வீட்டில் வளர்ந்தவரா என்பது இருக்காது. பேச்சே வரவில்லை என்று குறித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டில் இருந்து கண்ணாடி வந்ததும் எதிரில் இருப்பவர் முகம் தெரிந்து பேச ஆரம்பிப்பார். அதனால் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: வேலை, படிப்பு, பழக்கம், பிடித்த பாட்டு, கோபம் வந்தால் என்ன செய்வார், எதற்குச் சிரிப்பார்.

நான் பார்த்த ஒரு மளிகைக் கடைக்காரர், பயிற்சி அறையில் பலகை ஓட்டைகளில் குச்சி செருகச் சொன்னால் தொடவே மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியாகிவிட்டது. அவர் மனைவி மறுநாள் ஒரு பையில் துவரம்பருப்பும் பழைய நியூஸ்பேப்பரும் சணலும் கொண்டுவந்தார். "இவருக்குப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துப் பாருங்க சார்." இரண்டு கையும் வேலை செய்தாக வேண்டும், பேப்பரைக் கூம்பாகச் சுருட்ட வேண்டும், பருப்பு சிந்தாமல் கொட்ட வேண்டும், மேல் நுனியை உள்ளே மடக்கிச் சணலைச் சுற்ற வேண்டும். முதல் பொட்டலம் அவிழ்ந்து பருப்பெல்லாம் தரையில். அவர் அதைப் பார்த்து, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "பேப்பர் சரியில்ல" என்றார். பிசியோவும் தொழில்வழிப் பயிற்சியாளரும் மாதக்கணக்கில் செய்ய நினைத்த அத்தனையும் அந்த ஒரு பொட்டலத்துக்குள் இருந்தது. குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வதால் சிகிச்சைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இலக்கு வைப்பதும் இப்படியே. ஆஸ்பத்திரியின் இலக்கு 'உதவியுடன் பத்து மீட்டர் நடத்தல்' என்று இருக்கும். வீட்டில் கேட்டால், "கக்கூஸுக்கு மட்டும் தானாகப் போய்விட்டால் போதும், நான் வேலைக்குப் போய்விடுவேன்" என்பார் மனைவி. இரண்டாவதை முதலில் வையுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாரம் ஒரு முறையாவது டாக்டர், நர்ஸ், பயிற்சியாளர்கள், வீட்டார் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது நல்ல ரிஹேப் மையங்களில் வழக்கம்; உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி இல்லையென்றால் பதினைந்து நிமிடம் நேரம் கேளுங்கள். வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் பேசுங்கள், ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாமா ஒரு டாக்டரிடமும் சித்தப்பா இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு வந்து இரவில் வராண்டாவில் சண்டை போடும் கூத்து இதனால் பாதி குறையும்.

வேலூர் சி.எம்.சி.யைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார், மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்தார், 1966-ல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அதே சி.எம்.சி.யின் மனநல மையம் 1950-களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தந்தது. மேலை நாடுகளில் சொந்தக்காரர்களை வாசலோடு நிறுத்தி வைத்திருந்த காலம் அது. ஆக, குடும்பத்தை உள்ளே விடுவது வெளிநாட்டிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இல்லை. உள்ளே விட்ட குடும்பத்துக்குப் பயிற்சி கொடுப்பதில்தான் பெரும்பாலான இடங்கள் கோட்டை விடுகின்றன.

டிஸ்சார்ஜ் நாளைப் பாருங்கள். பில் செட்டில் ஆகும் அவசரத்தில் ஒரு ஃபைலும் மாத்திரைப் பையும் கொடுத்து, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க, பிசியோ பண்ணுங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். சொல்லுவது பயிற்சி ஆகாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை, குழாயில் உணவு கொடுப்பதை, தொண்டையில் துளை இருந்தால் சளி உறிஞ்சுவதை, வீட்டுக்குப் போவதற்குச் சில நாள் முன்பிருந்தே நர்ஸ் பார்க்க நீங்கள் உங்கள் கையால் செய்து காட்ட வேண்டும், குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ள வேண்டும். வீக்கம் குறைவதற்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால், அந்த எலும்பைப் பல ஆஸ்பத்திரிகளில் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருப்பார்கள், பிறகு எடுத்துப் பொருத்துவதற்காக. தலையில் அந்தப் பக்கம் பள்ளமாக இருக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும், அங்கே மூளைக்கு மேல் தோல் மட்டும்தான். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா, எழுந்து நடக்கும்போது தலைக்கு என்ன காப்பு என்பதைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும்: பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வண்டி ஓட்டலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். சாராயம், பீர் எதுவும் இனி வேண்டாம், அடிபட்ட மூளை அதைத் தாங்காது.

வீட்டுக்கு வந்தாயிற்று. சில மாதத்தில் நடக்கிறார், பேசுகிறார். பார்க்க வருகிறவர்கள் "நல்லா ஆயிட்டாரே!" என்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஆள் மாறிவிட்டார். சின்ன விஷயத்துக்கு வெடிக்கிறார். அல்லது காலையில் உட்கார்ந்த நாற்காலியில் மாலைவரை அப்படியே இருக்கிறார், குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறார். யார் முன்னால் என்ன பேசுவது என்ற கூச்சம் போய்விட்டது. தனக்கு ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்கிறார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் தொடங்குவது, நிறுத்துவது, யோசித்துப் பேசுவது, தன்னைத் தானே கவனிப்பது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. விபத்தில் அதிகம் அடிபடும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அதனால் சோம்பேறித்தனம், திமிர், நடிப்பு என்று தோன்றுவதெல்லாம் பெரும்பாலும் காயத்தின் வேலை. கிளாஸ்கோவிலேயே 1980-களில் கடுமையான தலைக்காயம் பட்டவர்களின் சொந்தக்காரர்களை ஐந்து ஆண்டுகள்வரை தொடர்ந்து விசாரித்தார்கள். கை கால் குறையைவிடக் குணம் மாறியதுதான் அவர்களுக்குப் பெரிய பாரமாக இருந்தது, அந்தப் பாரம் முதல் ஆண்டைவிட ஐந்தாம் ஆண்டில் கூடியும் இருந்தது. உதவிக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்துபோய் வெகுநாள் ஆனபிறகு.

சில வழிகள் இருக்கின்றன. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை. ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்: "எழுந்து குளிச்சிட்டு சட்டை மாத்திக்கிட்டு வாங்க" என்பது மூன்று வேலை, முதல் வேலையை முடித்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். ஞாபகத்துக்குச் சுவரில் பலகை, செல்போனில் அலாரம். காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும், கல்யாண வீட்டுச் சத்தத்தில் அரை மணி நேரம் என்பதே அதிகம். கத்த ஆரம்பித்தால் வாதம் செய்யாதீர்கள், பேச்சை மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த அறையைவிட்டு வெளியே வாருங்கள். அவரால் மெதுவாகவாவது செய்ய முடிவதை நீங்கள் செய்துவிடாதீர்கள். பட்டன் போட பத்து நிமிடம் ஆகிறதா, ஆகட்டும், நம் அம்மாக்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம். கை நீட்டி அடிக்கும் அளவுக்குப் போனால் 'காயத்தின் வேலைதானே' என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்தும் உண்டு, வழிமுறையும் உண்டு.

இப்போது பார்த்துக்கொள்பவரைப் பற்றி. பெரும்பாலும் ஒரு பெண். கணவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் கட்டிக்கொண்ட அந்தப் பழைய ஆள் இல்லை. இந்தத் துக்கத்துக்குக் கருமாதி கிடையாது, யாரும் கேட்டு வருவதும் கிடையாது. அழுதால் "உயிரோட கிடைச்சாரே, அதுக்கு சந்தோஷப்படு" என்பார்கள். கூடவே மாமியார் வீட்டில் "இவ ஜாதகம்" என்று ஒரு பேச்சு ஓடும். கல்யாணம் ஆகாத பையனாக இருந்தால் "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார் ஒருவர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், காயத்தைச் சொல்லாமல் ஒரு பெண்ணை அந்த வீட்டுக்குள் கொண்டுவருவது ஏமாற்று. வீட்டுக் குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். "அப்பாவுக்குத் தலையில அடிபட்டதால சீக்கிரம் கோபம் வருது, நீ எதுவும் தப்புப் பண்ணல" என்று சொன்னால் ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியும். சொல்லாவிட்டால் தன்னால்தான் என்று அது முடிவு கட்டிக்கொள்ளும்.

பார்த்துக்கொள்பவருக்கு வேண்டியது பாராட்டு இல்லை, தூக்கம். அண்ணன் தம்பிகள் இருந்தால் வாரத்தில் எந்த இரவு யார் என்று எழுதி ஒட்டுங்கள். பார்க்கப் போகும் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்குவதற்குப் பதிலாக, "சனிக்கிழமை மதியம் நான் பக்கத்துல இருக்கேன், நீ போய்த் தூங்கு" என்று சொல்லலாம். ரிஹேப் டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பக்கத்தில் நிற்பவரிடம், "நீங்க எப்படிம்மா இருக்கீங்க, தூங்குறீங்களா?" என்று கேட்பதும் சிகிச்சைதான், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். மனம் ரொம்பத் தளர்ந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம். நோயாளிக்காகத்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

கடைசியாகக் காகித வேலை, அலுப்பாக இருந்தாலும் இதில் பணம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு சிக்கல்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் தலைக்காயம் என்று தனியாக இல்லை. கை கால் பலவீனம், பேச்சுக் குறைபாடு, நாள்பட்ட நரம்புக் கோளாறு, மனநலம் என்று எதில் பாதிப்போ அதில்தான் சேரும். நடக்கிற ஆளுக்கு "நல்லாத்தானே இருக்கார்" என்று குறைவாகப் போட்டுவிடுவார்கள், ஆகவே ஞாபகசக்தி, யோசிக்கும் திறனைச் சோதித்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்குத் தகுதி உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேறொரு வண்டி மோதியிருந்தால் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு. ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்திருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். 12 வயதில் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், ஆயுள் முழுக்க இரண்டு உதவியாளர்கள் தேவைப்படுவார்கள் என்று கணக்கிட்டு அதற்கு மட்டுமே 21,60,000 ரூபாய் கொடுத்தது. பார்த்துக்கொள்வது அம்மாவின் கடமை, அதற்கு என்ன காசு என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபட வேண்டியதில்லை. அதனால் யார் வேலையை விட்டார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கூட இருக்க வேண்டியிருக்கிறது, என்னென்ன செய்து தர வேண்டியிருக்கிறது என்பதை, டாக்டரிடம் பேசியதைக் குறித்துவைக்கும் அந்த நோட்டிலேயே தேதி போட்டு எழுதி வாருங்கள், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டி, உதவியாளர் தேவை என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.